படங்குக்குள்ளே ஒரு பட்டன்

தேவாலா மழையில் ஈரக் கையோடு போன் திரையைத் தேய்த்துப் பாருங்கள், தெரியும். ஒன்றைத் தொட்டால் வேறொன்று திறக்கும், இல்லாவிட்டால் செத்தது மாதிரி கிடக்கும். என் மனைவி தேயிலை எஸ்டேட்டில் கொழுந்து எடுக்கிறவள். வேலை முடிந்து, தொழிலாளர்களுக்கு வரிசையாய்க் கட்டிய லைன் வீட்டுக்கு வரும் குறுக்குப் பாதையில் ஆனை நடமாட்டம் அதிகமாகியிருந்தது. திரையைத் தொடாமல் வால்யூம் பட்டனை மூன்று தடவை அமுக்கினால் எனக்கும் லைன்காரர்களுக்கும் அலாரம் வருகிற மாதிரி ஒரு ஆப் எழுதக் கிளம்பினேன். வீட்டிலிருந்தே கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறவனுக்கு இதெல்லாம் ஒரு வேலையா என்ற திமிர் வேறு.

மண்ணைக் கவ்வினேன். திரை அணைந்ததும், பின்னணியில் ஓடும் என் ஆப்புக்குப் பட்டன் அமுக்குவதே தெரியவில்லை. சரி, பட்டனை விடு, சத்தம் மாறுகிறதா என்று பார் என மாற்றி எழுதினேன். என் போனில் ஜம்மென்று வேலை செய்தது. அவள் போனில் மூச்சே இல்லை. அம்மணி எப்போதும் சத்தத்தை உச்சத்தில் வைத்திருப்பவள்; அதற்கு மேல் எங்கே கூடும்? ஒவ்வொரு அமுக்கலுக்கும் பிறகு சத்தத்தை நடுவுக்குக் கொண்டுவர வைத்தேன். ஆஹா, என்னமாய் அலறியது! அடுப்படியில் நின்றவளைப் பிடித்து ஒரு சுற்றுச் சுற்றினேன். சோறு குழைந்ததுதான் மிச்சம்.

மறுநாள் காலையிலேயே அலாரம். ஆனையை விரட்ட லைனே தகரத்தைத் தட்டிக்கொண்டு ஓடியது. தோட்டத்தில் பெண்கள் நிம்மதியாகக் கொழுந்து கிள்ளிக்கொண்டிருந்தார்கள். மழைக்கு இடுப்பில் கட்டும் பிளாஸ்டிக் படங்குக்குள்தான் எல்லாரும் போனைச் செருகுவார்கள். எட்டாத கொழுந்துக்கு எக்கும்போது தேயிலைச் செடி இடுப்பில் அழுந்தி, பட்டனை அமுக்கியிருக்கிறது. இனி இப்படி ஓடிவந்தால் போனையே தேயிலைக் காட்டுக்குள் விடமாட்டேன் என்றார் சூப்பர்வைசர். சிரித்துச் சிரித்து என் மனைவிக்குப் புரையேறியது. எனக்கு வந்த கோபத்துக்கு அந்தச் செடியை வேரோடு பிடுங்கியிருப்பேன்.

கூட்டு, குறை, கூட்டு என்று மாற்றி மாற்றி அமுக்கினால்தான் அலாரம் என்று எழுதினேன். எந்தச் செடிக்கும் அது வராது.

அடுத்த வாரம் ஒரு சாயங்காலம் அலாரம் அடித்தது. லைனில் ஒருத்தரும் அசையவில்லை. செடிதான் கூப்பிடுது, போய்ப் பாருங்க என்று கிண்டல் செய்தார்கள். நான் ஒரு தகரத்தைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். போன் ஓயவே இல்லை, திரும்பத் திரும்ப அலறியது. முதலில் இன்னும் வேகமாக ஓடினேன். பிறகு உறைத்தது: இது அலறுகிற வரைக்கும் அவள் விரல் வேலை செய்கிறது, அவள் நன்றாக இருக்கிறாள். பைத்தியக்காரன் மாதிரி சிரித்துக்கொண்டே, தகரத்தைத் தட்டிக்கொண்டே ஓடினேன்.

வளைவில் திரும்பியதும் அலாரம் சட்டென்று நின்றது. என் உயிரும் நின்றது.

ஒற்றை ஆனை, தகரச் சத்தம் பிடிக்காமல் ஓடைப் பக்கம் இறங்கிக்கொண்டிருந்தது. மேலே பாறையில் மற்ற பெண்களுக்கு நடுவே உட்கார்ந்திருந்தாள் அவள். ஒரு கை படங்குக்குள் இருந்தது. நிம்மதியில் எனக்குக் கோபம்தான் பொத்துக்கொண்டு வந்தது.

"ஏன் புள்ள அமுக்கறத நிறுத்தின?"

"ஏனுங்க, அதான் நீங்க வந்துட்டீங்களே" என்றாள்.