சுவரோடு ஆடுகிறவர்

நூற்றுப் பதினேழு, நூற்றுப் பதினெட்டு. பந்து பாதத்திலிருந்து தொடைக்கு ஏறி, நெற்றியைத் தொட்டு, மறுபடி பாதத்துக்கு வருகிறது. காலை ஆறு மணிக்கு, அடுக்குமாடிக் குடியிருப்பின் வண்டி நிறுத்துமிடத்தில், அதைத் தரையில் விழாமல் பார்த்துக்கொள்வதுதான் டொம் சாரின் முதல் கடமை. அது முடிந்ததும் எதிர்ச்சுவரில் இருநூறு பாஸ். அந்த டொம் டொம் சத்தம்தான் அவருக்கு இந்தப் பெயரை வாங்கிக் கொடுத்தது. சுவருக்கு அந்தப் பக்கம் தூங்கும் வீட்டம்மா அலாரம் வைப்பதையே விட்டுவிட்டார்.

தொழில் லிஃப்ட் மெக்கானிக். வயது நாற்பத்திரண்டு. வேலைக்குப் போன இடத்திலும் கால் சும்மா இருக்காது. மோட்டார் அறையில் எண்ணெய்த் துணியைச் சுருட்டிப் பந்தாக்கி, முழங்காலில் தட்டிக்கொண்டே வயரைச் சோதிப்பார். கீழே இரண்டு மாடிக்கு நடுவில் சிக்கிய மனிதர் கதவைத் தட்டினால், "பதறாதீங்க சார், எல்லாம் கண்ட்ரோல்ல இருக்கு" என்பார். துணியைச் சொல்கிறாரா, லிஃப்டைச் சொல்கிறாரா என்று அந்த மனிதருக்கு எப்படித் தெரியும்?

இத்தனைக்கும் இப்படிப் பழகிவரும் ஒன்பது வருடத்தில் ஒரு மேட்ச் ஆடியதில்லை. கம்பெனி டீம் ஞாயிறுதோறும் கூப்பிடும். ஒரு வாரம் முட்டி வலி, மறுவாரம் ஷூ கடிக்கிறது, அதற்கடுத்த வாரம் காற்று சரியில்லை. ஆடத் தெரியாதவளுக்குத்தான் கூடம் கோணல். இவருக்கு ஆட நன்றாகவே தெரியும், கூடம்தான் ஆகாது. ஆனால் டிவியில் யாராவது கோலைத் தவறவிட்டால் போதும், "பேசிக்ஸ் இல்ல, பேசிக்ஸ் இல்ல" என்று தலையில் அடித்துக்கொள்வார்.

"நீச்சல் கத்துக்கிட்டுத்தான் தண்ணியில எறங்குவேன்னு நிக்கிற ஆளு" என்பாள் மனைவி.

போன ஞாயிறு பத்துப் பேர்தான் சேர்ந்தார்கள். டீமின் கேப்டன் வேறு யாருமில்லை, டொம் சாருடைய மனைவியின் தம்பிதான். நேரே வீட்டுக்கே வந்துவிட்டான்.

"மாமா, நீங்க வரலைன்னா மேட்ச்சே இல்ல. ஷூவ மாட்டுங்க."

"இடது கால் இன்னும் செட் ஆகலடா."

"வலது கால மட்டும் கொண்டு வாங்க."

மனைவி ஷூவை எடுத்து வந்து வாசலில் வைத்தாள். இனித் தப்ப வழியில்லை. நினைத்தால் பெரிய ஆட்டக்காரன் ஆகியிருக்கக்கூடியவன் என்று ஒன்பது வருடமாகத் தன்னைப் பற்றி அவர் கட்டிய கோட்டை. அது நிற்குமா விழுமா என்பது அன்று மத்தியானத்துக்குள் தெரிந்துவிடும். வண்டியில் போகும்போது வழியெல்லாம் காற்று சரியில்லை என்றே சொல்லிக்கொண்டு வந்தார். பாவமாகத்தான் இருந்தது.

முதல் பந்தை அவர் நிறுத்திய அழகில் எதிர் டீமே ஒரு கணம் அசந்து நின்றது. பிறகு மைத்துனனுக்கு ஒரு பாஸ் கொடுத்தார், நூல் பிடித்த மாதிரி. கொடுத்தவர் அதே இடத்தில் வலது காலைச் சற்றே தூக்கி, பந்து திரும்பி வரும் என்று காத்து நின்றார். மைத்துனன் பந்தோடு வலப்பக்கம் ஓடினான். பறிகொடுத்தான். எதிராளி ஒருவன் அவரைச் சுற்றிக்கொண்டு போய் கோல் அடித்தான். இரண்டாம் முறையும் அதே பாஸ், அதே நிற்பு, அதே கோல்.

"மாமா, குடுத்துட்டு ஓடணும்."

"குடுத்தா திரும்பி வரணும்ல?"

"மனுஷன் எங்க வேணா போவான் மாமா. நீங்கதான் பாத்துப் போகணும்."

இடைவேளையில் அவரை உட்காரவைத்துவிட்டு, டீமை ஏற்றிவந்த வேன் டிரைவரை இறக்கினார்கள். டிரைவர் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு, பேன்ட்டைச் சுருட்டிக்கொண்டு ஓடினார். காலில் பட்ட பந்து எந்தத் திசைக்குப் போகும் என்று அவருக்கே தெரியாது. ஆனால் பந்து போன இடத்துக்கெல்லாம் அவரும் போனார். அதில் ஒன்று கோலாகவும் ஆனது.

ஆட்டம் முடியச் சற்று முன், வெளியே வந்த பந்து பெஞ்சில் இருந்த டொம் சாரின் காலடியில் வந்து நின்றது. இருபதடி தள்ளி மைத்துனன் கையை நீட்டினான்.

"சீக்கிரம் போடுங்க மாமா."

டொம் சார் எழுந்தார். பந்தைப் பார்த்தார், மைத்துனனைப் பார்த்தார். பிறகு குனிந்து, அதை இரண்டு கைகளாலும் எடுத்து, இருபதடி நடந்துபோய் அவன் கையில் வைத்தார்.