முழங்கால் தண்ணீர்

போன வருடம் தை மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. உப்பளம் பகுதியில் இருக்கும் எங்கள் வீட்டிலிருந்து விடிவதற்குள் வாடகைக் காரில் நானும் என் கணவரும் கிளம்பினோம். தென்பெண்ணை ஆற்றோரமாகவே போய் திருவெண்ணெய்நல்லூர், திருக்கோவிலூர் கோயில்களைப் பார்த்துவிட்டு, மத்தியானம் எங்கள் மகளைப் பார்ப்பதாகத் திட்டம். அவள் ஆற்றங்கரையில் இருக்கும் ஒரு பயிற்சி நிலையத்தில் ராணுவத்தில் சேரத் தயாராகிக்கொண்டிருந்தாள். ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்ற ஒருவர் நடத்துவது, பிள்ளைகளுக்கு அவர் மாஸ்டர். வாசலில் பெரிதாக 'மிலிட்டரி அகாடமி' என்று போர்டு, உள்ளே தொங்கும் கயிறுகள், பழைய லாரி டயர்கள், ஓடி ஓடிப் புல் செத்துப்போன ஒரு மைதானம். ஞாயிறு மட்டும் பெற்றோர் வரலாம்.

என் கணவர் வீராம்பட்டினத்துக்காரர். பிறந்ததிலிருந்து கடல்தான். அவருக்குக் கடல் தவிர மற்றதெல்லாம் தண்ணீரே கிடையாது. திருக்கோவிலூர்ப் பாலத்தில் காரை நிறுத்தச் சொல்லி எட்டிப் பார்த்தவர், இதுக்குப் போயா பாலம் கட்டினாங்க என்று டிரைவரிடம் கிண்டல் செய்தார். நானும் சிரித்தேன்.

கோயிலுக்குப் போகிற நாள் என்பதால் மீன் இல்லை, தூக்கு நிறையப் புளிசாதம்தான். பயிற்சி நிலையத்துக்குப் போய்ச் சேர்ந்து தூக்கைத் திறந்ததும் மகளுக்கு முகம் சுருங்கிவிட்டது. ஆனால் அவளுடைய அறைத்தோழி இரண்டு தட்டு வாங்கிச் சாப்பிட்டாள். செங்கம் பக்கத்துப் பெண், கடலையே பார்த்ததில்லையாம். வாய் ஓயாத பெண். அரை மணி நேரத்தில் என் கணவரை அப்பா என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டாள். படகில் கூட்டிப் போவதாக அவரும் வாக்குக் கொடுத்துவிட்டார்.

சாப்பிட்டு முடித்ததும் அந்தப் பெண் காலித் தூக்கை எடுத்துக்கொண்டு எழுந்தாள். எங்கள் வீட்டில் கழுவாத பாத்திரத்தைத் திருப்பிக் கொடுக்க மாட்டோம் என்றாள். வேண்டாம்மா, வீட்டில் கழுவிக்கிறேன் என்று நான் சொல்லியும் கேட்கவில்லை. அன்றைக்கு மோட்டார் ரிப்பேர், குழாயில் தண்ணீர் வரவில்லை. ஆற்றில் இறங்கக் கூடாதென்று மாஸ்டர் சொல்லியிருக்கிறார் என்று என் மகள் தடுத்தாள். அந்தப் பெண் என் கணவரைத் திரும்பிப் பார்த்தாள்.

அவர் வேலி ஓரமாகப் போய் ஆற்றைப் பார்த்தார். "முழங்கால் தண்ணிதான். கழுவிட்டு வா, போ" என்றார்.

பேச்சு வேறெங்கோ போய்விட்டது. கொஞ்ச நேரம் கழித்துத்தான் என் மகள் அவளைத் தேடிப் போனாள். நாங்கள் கேட்டது மகளின் அலறலைத்தான். போய்ப் பார்த்தால் தூக்கு மட்டும் மிதந்துகொண்டிருந்தது. இவர் சட்டையோடு குதித்தார். மூழ்கி மூழ்கி எழுந்தார். மணல் அள்ளிய பள்ளம் அது. கரையிலிருந்து நாலடி வரை முழங்கால் தண்ணீர், அதற்கப்புறம் ஒரு கிணறு. மேலிருந்து பார்த்தால் எல்லாம் ஒரே மாதிரிதான் இருந்தது. ஒருவழியாக அவளைத் தூக்கிக்கொண்டு வந்தார். மாஸ்டர் நெஞ்சை அழுத்திப் பார்த்தார். எங்கள் காரிலேயே அரசு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். டாக்டர் நாடியைப் பார்த்துவிட்டுத் தலையை அசைத்தார்.

கிளம்பலாம் என்று டிரைவர் இரண்டு தடவை வந்து கேட்டார். இவர் அசையவில்லை. தண்ணீரிலிருந்து தூக்கியவன், சொந்தக்காரர் கையில் ஒப்படைக்காமல் வீட்டுக்குப் போகக் கூடாது என்பது இவர்கள் ஊரில் வழக்கம். ஈரத் துணியோடு சவக்கிடங்கு வாசலிலேயே உட்கார்ந்திருந்தார். துணி உடம்பிலேயே காய்ந்தது.

பொழுது சாயும் நேரத்தில் பெண்ணின் அம்மாவும் மாமாவும் பஸ்ஸில் வந்து சேர்ந்தார்கள். மாஸ்டர் இவரைக் காட்டி, இவர்தான் தூக்கினார் என்றார். அந்த அம்மா அப்படியே இவர் காலில் விழுந்துவிட்டார். என் பிள்ளையை ஆத்தோட விடாம கொண்டாந்து குடுத்தியே சாமி என்று அழுதார்.

இவர் வாயைத் திறக்கப் போகிறார் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. பேசாதீங்க என்று முழங்கையைப் பிடித்து இழுத்தேன். உதறிவிட்டார்.

"நான்தாம்மா போகச் சொன்னேன். முழங்கால் தண்ணின்னு சொல்லி நான்தான் அனுப்பிச்சேன்."

மாமா கையை ஓங்கிக்கொண்டு வந்தார். இவர் நகரவில்லை. அந்த அம்மா தரையில் உட்கார்ந்தபடியே தம்பியின் வேட்டியைப் பிடித்து நிறுத்தினார். இவர் முகத்தை நிமிர்ந்து பார்த்தார்.

"பயந்துக்கிட்டே போனாளா?"

"இல்லம்மா. சிரிச்சிக்கிட்டேதான் போனா."

அந்த அம்மா எழுந்து உள்ளே போய்விட்டார்.

இவர் இன்றும் கடலுக்குப் போகிறார், ஆனால் படகில் யாரோடும் அதிகம் பேசுவதில்லை என்கிறார்கள். மகள் தேர்வாகிவிட்டாள், சந்தோஷப்படக்கூடக் கூச்சமாக இருக்கிறது. அந்த அம்மா அன்றைக்கு எங்களை ஒரு வார்த்தை திட்டியிருந்தால், மண்ணை வாரித் தூற்றியிருந்தால், அதைத் தாங்கிக்கொண்டு எப்படியாவது வாழப் பழகியிருப்போம் என்றுதான் எனக்கு இப்போதும் தோன்றுகிறது.