பிரான்சிஸின் ஜெர்மன் லென்ஸ்

டீ டம்ளரின் விளிம்பில் ஒட்டியிருக்கும் நுரைக் குமிழி ஒன்றை பிரான்சிஸ் கேமராவுக்குள் தேடிக்கொண்டிருக்கிறார். இடது கை லென்ஸின் வளையத்தை மயிரிழை முன்னே தள்ளுகிறது, பின்னே இழுக்கிறது. அதற்குள் குமிழி உடைந்துவிடுகிறது. அடுத்த குமிழிக்குப் போகிறார். ஆறிப்போன டீயை ஒரே மடக்கில் குடித்துவிட்டு, எதிர்க்கடை ஷட்டரில் தொங்கும் பூட்டின் சாவித் துவாரத்துக்குத் திருகத் தொடங்குகிறார். படம் எடுப்பதில்லை. திருகுவதோடு சரி. திண்டுக்கல் மேற்கு ரத வீதியில் மாடியேறி அவர் ஸ்டுடியோவுக்குப் போகிறவர்கள் இந்தக் காட்சியைத் தாண்டித்தான் உள்ளே போகவேண்டும். கேட்டால் சொல்வார்: "நாயனக்காரன் ரெண்டு நா ஊதாம இருந்தா ஒதடு மறந்துரும். நமக்கு வெரலு."

லென்ஸ் ஜெர்மன் பெயர் பொறித்தது. உடம்பு முழுக்க உலோகம், உள்ளே கண்ணாடி. தானாகக் கூர்மை பிடிக்கும் வசதி அதில் கிடையாது. கையால் திருகி, கண்ணால் பார்த்து, எது தெளிவாக விழவேண்டும் என்பதை எடுப்பவரேதான் முடிவு செய்யவேண்டும். சாணார்பட்டிப் பக்கம் இருந்த புளியந்தோப்பு விலைபோய், இந்த லென்ஸாக மாறி வீட்டுக்கு வந்தது. காலையில் அவர் மெல்லிய துணியால் கண்ணாடியைத் துடைக்க உட்கார்ந்தால் அடுப்படியிலிருந்து மனைவி கேட்பார்: "ஒங்க மூத்த தாரம் குளிச்சாச்சா? எளையவ இட்லி வச்சிருக்கேன்."

"அவ பேசமாட்டா" என்பார் பிரான்சிஸ். "அதுக்காகவே வச்சிருக்கேன்."

இந்த லென்ஸின் பெருமை உண்மையா? உண்மை. அதை மறுப்பவன் அதில் பார்த்ததில்லை. வெளிச்சம் புகும் வாயை முழுசாகத் திறந்துவைத்து எடுத்தால் மணப்பெண்ணின் ஒரு கண்ணில் இமை முடிகளைத் தனித்தனியாகப் பிரிக்கலாம். மஞ்சளும் குங்குமமும் சேருமிடத்தில் நிறம் கலங்காது. பின்னால் தொங்கும் சீரியல் பல்புகள் கரைந்து வட்டவட்டமாக மிதக்கும். அரை இருட்டு மண்டபத்திலும் அது வேலை செய்யும். ஆனால் அந்தப் படம் எங்கே போகிறது என்று கேட்கவேண்டும். ஸ்டுடியோவின் பின்னறையில் கம்ப்யூட்டர் முன் இருக்கும் அசோக்குமாரிடம் போகிறது. அவன் மூன்று பிள்ளைகளுக்குத் தகப்பன், வேலை தெரிந்தவன். மணப்பெண்ணின் முகத்தில் லென்ஸ் கொண்டுவந்த அத்தனையையும் சுவருக்குப் பட்டி பார்ப்பதுபோல் தேய்த்து வழவழவென்று ஆக்குவதுதான் அவன் வேலை.

"அது பரு இல்லடா, அந்தப் புள்ளையோட மொகம்" என்று பிரான்சிஸ் பின்னால் நின்று கத்துவார்.

"மொகம் வேணாங்கிறாகண்ணே. பொண்ணு வீட்லயே சொல்லிட்டாக."

தேய்த்த படம் வாட்ஸப்பில் போய் இன்னும் தேய்கிறது. கட்டைவிரல் அளவுத் திரையில் ஒரு நொடி நிற்கிறது. யாருக்காக இந்தக் கூர்மை? புளியந்தோப்பு யாருக்காகப் போனது? கல்யாண வீடுகள் இந்தக் கேள்விக்குத் தங்கள் பதிலைச் சொல்லிவிட்டன. அவை ட்ரோன் வைத்திருப்பவர்களிடம், கண்ணைத் தானே கண்டுபிடிக்கும் கேமரா வைத்திருப்பவர்களிடம் போய்விட்டன. அந்தக் கேமராக்காரர்களைப் பற்றி பிரான்சிஸ் ஒரே வாக்கியம்தான் சொல்வார்: "அவென் போட்டோ எடுக்கல, பட்டன அமுக்குறான்."

அவரிடம் மிஞ்சியிருப்பவை சாவு வீடுகள். பிணத்தை நாற்காலியில் சாய்த்து, மாலை போட்டு, கடைசிப் படம் எடுக்கும் வழக்கம் இந்தப் பக்கத்தில் இன்னும் போகவில்லை. அதிலிருந்து முகத்தை மட்டும் வெட்டி, மூடிய கண்ணை அசோக்குமார் கம்ப்யூட்டரில் திறந்துவைப்பான். அந்தப் படம்தான் சட்டம் போட்டுச் சுவரில் தொங்கும். "அண்ணன் லென்சுக்கு ஏத்த பார்ட்டி அவுகதான்" என்பான் அசோக்குமார். "ஆட மாட்டாக. செத்த நேரம் ஆனாலும் கோவிச்சுக்க மாட்டாக."

பிரான்சிஸும் சிரிப்பார். சிரிக்கும்போது அவர் எதிரே இருப்பவரின் முகத்துக்குக் கொஞ்சம் பக்கவாட்டில் பார்க்கிறார். இது அவருக்குப் புதிதாக வந்த பழக்கம். சர்க்கரை கண்ணுக்குள் இறங்கிவிட்டது, நேர்ப்பார்வை கலங்குகிறது, கண்ணில் ஊசி போடவேண்டும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். "கண்ணுல ஊசியா, போங்கய்யா" என்று எழுந்து வந்தவர் திரும்பப் போகவில்லை. கேமராவில் கண் வைக்கும் துளையின் ஓரத்தில், பார்வைக்கு ஏற்பத் திருப்பிக்கொள்ள ஒரு சின்னச் சக்கரம் உண்டு. அது கடைசிவரை போய் நின்றுவிட்டது. கூர்மை விழுந்த விளிம்புகளைச் சிவப்பாக மினுக்கிக் காட்டும் வசதி ஒன்றும் கேமராவில் உண்டு. அதற்கு அவர் வைத்த பெயர் "திருவிழா லைட்டு". பழகுகிறவர்களுக்கானது என்று ஏளனம் செய்வார். இப்போது அதை அணைப்பதே இல்லை. இது வீட்டில் யாருக்கும் தெரியாது.

சின்னாளபட்டியில் பேச்சாயி செத்தபோது மகள் சூர்யகலா பிரான்சிஸைத்தான் வரச்சொன்னாள். பேச்சாயி சுங்குடிச் சேலைக்கு முடிச்சுப் போட்டுக் குடும்பத்தை ஓட்டியவள். படம் எடுக்க யாராவது போனைத் தூக்கினால் முந்தானையால் முகத்தை மூடிக்கொள்வாள். ஆதார் அட்டையில் ஒரு படம் இருக்கிறது. "அது எங்கம்மா இல்ல, எவளோ செயிலுக்குப் போனவ" என்றாள் சூர்யகலா. அம்மாவுக்கு ஒரு முகம் வேண்டும், பதினாறாம் நாள் காரியத்துக்குள் வேண்டும். அவ்வளவுதான் அவள் கேட்டது.

பந்தலுக்குள் வெளிச்சம் குறைவு. பிரான்சிஸ் லென்ஸை முழுசாகத் திறந்தார். உயிரோடு இருப்பவர் கண்ணில் ஒரு வெளிச்சப் பொட்டு இருக்கும். இத்தனை வருஷமாக அவர் விரல் தேடிப் பழகியது அந்தப் பொட்டைத்தான். பேச்சாயியின் கண் மூடியிருந்தது. அவர் திருகினார். சிவப்பு மினுக்கம் வந்தது. அடுத்தடுத்து அமுக்கினார். மினுக்கம் வந்த இடம் மாலையில் சுற்றியிருந்த ஜிகினா. மாலைக்கும் இமைக்கும் ஒரு சாண்தான் இடைவெளி. முழுசாகத் திறந்தால் ஒரு விரற்கடை ஆழத்தை மட்டும் தெளிவாகப் பிடிக்கும் அந்த லென்ஸுக்கு அது ரொம்பத் தூரம்.

ஸ்டுடியோவில் அசோக்குமார் படங்களை ஒவ்வொன்றாகப் பெரிதாக்கிப் பார்த்தான். ஜிகினாவின் ஒவ்வொரு இழையும் தனித்தனியாக எழுந்து நின்றது. சேலையின் வெள்ளைப் புள்ளிகளை எண்ணலாம். அதற்கு மேலே, தாடையைச் சேர்த்துக் கட்டிய துணிக்கும் நெற்றிக் காசுக்கும் நடுவே, ஒரு மங்கல். எல்லாப் படத்திலும் அதே மங்கல்.

"அண்ணே, பேச்சாயிக்கு இமைக்கோடே இல்ல. எத வச்சுக் கண்ணத் தெறக்க?"

கம்ப்யூட்டரே முகத்தைத் தெளிவாக்கும் ஒரு வித்தையைச் செய்து பார்த்தான். தெளிவான ஒரு கிழவி வந்தாள். யார் வீட்டுக் கிழவியோ.

சூர்யகலா காந்திகிராமத்துப் பக்கம் ஒரு நூற்பாலையில் ஷிப்டு முடித்து, தலையில் ஒட்டிய பஞ்சோடு வந்தாள். முதலில் அந்தத் தெளிவான கிழவியைக் காட்டினார்கள். அவள் திரையை விட்டு அசோக்குமாரைப் பார்த்தாள்.

"இது ஆருண்ணே?"

பிறகு நிஜப் படத்தைக் காட்டினார்கள். அவள் அருகே போனாள், தள்ளி நின்றாள், மறுபடி அருகே போனாள்.

"மால நல்லா விழுந்திருக்கு" என்றாள். "எங்கம்மா எங்க?"

"பந்தல்ல வெளிச்சம் பத்தல தாயி" என்றார் பிரான்சிஸ்.

பொய். இருட்டில் முகம் எடுக்கத்தான் அந்த லென்ஸைச் செய்திருக்கிறார்கள். அதன் பேர் பாதி அதனால் வந்ததுதான். அசோக்குமாருக்கும் அது தெரியும். அவன் மவுஸைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"பெரிய லென்சு வச்சிருக்காக, அவுகளயே கூப்புடுவோம்னு எந்தம்பிகிட்ட நாந்தேன் சண்ட போட்டேன்" என்றாள் சூர்யகலா. "அவென் போன்ல எடுக்குறேன்னான். நாந்தேன் விடல. எரிச்சாச்சுண்ணே. இனி எங்க போயி எடுக்க?" குரல் உயரவில்லை. நெருப்பில் போனதை யாரும் திருப்பி எடுக்கமுடியாது என்பது அங்கிருந்த மூன்று பேருக்கும் தெரியும்.

அசோக்குமார் நாற்காலியைத் திருப்பி அவள் முகத்தை ஒரு தச்சன் பலகையைப் பார்ப்பதுபோல் பார்த்தான்.

"ஏக்கா, நீங்க அம்மா சாடையா?"

"கண்ணு அப்படியே அம்மாதேன்னு சொல்லுவாக."

"அப்பக் கண்ணு மட்டும் கெடச்சாப் போதும்ணே. மொகம் மங்கலா இருந்தாலும் எப்புடியும் தேய்க்கத்தான போறோம். இவுக கண்ண எடுத்து அங்க வச்சுக் கொஞ்சம் வயசாக்கிரலாம்." பிறகு பிரான்சிஸைப் பார்க்காமலே சொன்னான்: "ஆனா அதே லென்சுல எடுக்கணும். வேறன்னா ஒட்டு தெரியும். கண்ணு மட்டும் கத்தியா இருக்கணும்ணே."

செத்தவளுக்குக் கண் கொடுக்க மகள் ஸ்டூலில் ஏறி உட்கார்ந்தாள். அசோக்குமார் வெள்ளைத் தெர்மாகோலைப் பிடித்து ஜன்னல் வெளிச்சத்தை அவள் முகத்தில் திருப்பினான். அவள் தலையிலிருந்த பஞ்சைத் தட்டிவிட்டு நிமிர்ந்தாள். பிரான்சிஸ் கேமராவை ஸ்டாண்டில் மாட்டிவிட்டுக் குனிந்தார்.

வளையம் முன்னே போனது. பின்னே வந்தது. சிவப்பு மினுக்கம் அவள் மூக்குத்தியில் ஏறியது, சேலை ஊக்குக்கு இறங்கியது, காதோர முடிக்குப் போனது. கண் இருக்கவேண்டிய இடத்தில் அவருக்கு ஒரு பழுப்புக் கலங்கல்தான் இருந்தது. நெற்றியைத் துடைத்துக்கொண்டு மறுபடி குனிந்தார். மறுபடி முன்னே, மறுபடி பின்னே. அமுக்கவில்லை.

"இமைக்கலாமாண்ணே?" என்றாள் சூர்யகலா. அவள் கண்ணில் நீர் கோத்திருந்தது.

பிரான்சிஸ் நிமிர்ந்தார். கேமராவின் முதுகில் மடங்கியிருந்த சின்னத் திரையை வெளியே இழுத்தார். அதைச் சுழற்றி, தன் பக்கத்திலிருந்து அவள் பக்கம் திருப்பிவிட்டார்.

"எனக்குத் தெரியல தாயி" என்றார். "அதுல பாரு. ஒங்கண்ணு தெளிஞ்சதும் சொல்லு."

அவள் திரையைப் பார்த்தாள். அசோக்குமார் தெர்மாகோலைக் கொஞ்சம் இறக்கிவிட்டு, மறுபடி உயர்த்தினான். பிரான்சிஸ் தலையைக் குனிந்துகொண்டு, அவள் சொல்லுக்குக் காதை வைத்து, வளையத்தை மெல்லத் திருகினார்.