அரிசி, மொட்டை, தெரியல

“இது எத்தனாவது வரைக்கும் படிச்சிருக்குதுங்க?” என்று கேட்டார் டெக்னீஷியன் அக்கா. அட்டைப்பெட்டியிலிருந்து அப்போதுதான் வெளியே எடுத்து மேசைமேல் வைத்திருந்த கணினியையும், கேமரா பொருத்திய புது நுண்ணோக்கியையும் சுற்றிச் சுற்றிப் பார்த்துக்கொண்டிருந்தார். பெண் பார்க்க வந்த வீட்டில் மாப்பிள்ளையை எடைபோடும் அத்தையின் பார்வை அது. “இன்னும் பள்ளிக்கூடமே போகலக்கா. இனிமேல்தான் சேர்க்கணும்” என்றேன். “அப்ப டீச்சர் ஆரு?” “நீங்கதான்.” அவர் ஒரு கணம் என்னை நம்பாமல் பார்த்தார். பிறகு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். “நான் பியூசியில ஃபெயிலானவ மேடம். பரவாயில்லீங்களா?”

மைசூரில், பட்டுப்புழு முட்டைகளைச் சோதிக்கும் ஒரு சிறிய ஆய்வுக்கூடம் எங்களுடையது. பட்டுப்புழுவுக்கு பெப்ரின் என்று ஒரு நோய் உண்டு. தாய் அந்துப்பூச்சிக்கு அது இருந்தால் முட்டைக்கும் போய்விடும். முட்டையிலிருந்து புழுவுக்கு, ஒரு புழுவிலிருந்து தட்டிலுள்ள அத்தனை புழுக்களுக்கும். மருந்து கிடையாது. அதனால் முட்டையிட்டு முடித்த தாய்ப்பூச்சியை அரைத்து, ஒரு துளியைக் கண்ணாடிச் சில்லில் வைத்து, நுண்ணோக்கியில் நோய்க்கிருமி தெரிகிறதா என்று பார்ப்பார்கள். தெரிந்தால் அந்த முட்டைகளை எரித்துவிட வேண்டும். இந்த வேலையை அக்கா இருபது ஆண்டுகளுக்கும் மேலாகச் செய்துகொண்டிருந்தார். நானோ பெங்களூரில் ஒரு மென்பொருள் கம்பெனியில் இருந்துவிட்டு, அம்மாவைப் பார்த்துக்கொள்வதற்காக மைசூருக்குத் திரும்பி, ஒப்பந்த அடிப்படையில் அங்கே சேர்ந்தவள். எனக்குப் பட்டு என்றால் புடவை மட்டும்தான் தெரியும்.

அந்த நாட்களில் எந்த நாட்டைப் பார்த்தாலும் ஒரே பேச்சுதான்: ஆராய்ச்சிக்குள் செயற்கை நுண்ணறிவைக் கொண்டுவர வேண்டும். எங்களுக்கும் மேலிடத்திலிருந்து ஒரு சுற்றறிக்கை வந்தது. இனி எழுதும் ஒவ்வொரு திட்டத்திலும் அதற்கு ஒரு பத்தி ஒதுக்க வேண்டும் என்று அதற்கு அர்த்தம் எடுத்துக்கொண்ட எங்கள் டைரக்டர், உடைந்த குழாயை மாற்றக் கேட்கும் கோப்பில்கூட அப்படி ஒரு பத்தியை எழுதவைத்தார். ஆனால் விளையாட்டாகத் தொடங்கியது பிறகு உண்மையான வேலையாகவே மாறியது. ஜப்பான், பிரேசில், உஸ்பெகிஸ்தான் என்று பட்டு வளர்க்கும் நாடுகளின் ஆய்வுக்கூடங்களோடு சேர்ந்து ஒரு கூட்டுத் திட்டம் அமைந்தது. மாதம் ஒருமுறை காணொளியில் கூடுவோம். ஒரே இயந்திரத்தை ஒவ்வொருவரும் ஒவ்வொரு கண்ணால் பார்த்தோம். எங்களோடு பேசிய ஜப்பான்காரர், எந்தப் படத்தை யார், எந்த விளக்கில், எத்தனை மணிக்கு எடுத்தார்கள் என்று எழுதி வைக்காவிட்டால் அந்தப் படத்தைத் தொடவே மாட்டார். பிரேசில் விஞ்ஞானிக்கு ஆய்வுக்கூடமே தேவையில்லை; எல்லாம் விவசாயியின் கைப்பேசியில் நடக்க வேண்டும். உஸ்பெகிஸ்தான்காரர்கள், உங்கள் மென்பொருள் எங்கள் ஊர்க் குளிரில் எடுத்த படத்தைப் புரிந்துகொள்ளுமா என்றுதான் முதலில் கேட்டார்கள். எங்களிடம் இருந்தது அக்கா.

மென்பொருளுக்குக் கற்றுக்கொடுப்பது என்றால் வேறொன்றுமில்லை, ஒவ்வொரு படத்திலும் தெரியும் ஒவ்வொரு புள்ளியையும் சுட்டிக்காட்டி, இது கிருமி, இது கிருமி இல்லை என்று ஒருவர் பொறுமையாகச் சொல்ல வேண்டும். கிருமி நீள்வட்டமாக, லேசாக மின்னிக்கொண்டிருக்கும். பூச்சியின் உடலிலுள்ள கொழுப்புத் துளிகள் உருண்டையாக இருக்கும். அக்கா முதல் நாளே பெயர் வைத்துவிட்டார். கிருமி “அரிசி”. கொழுப்புத் துளி “மொட்டை”. நான் அவசரத்தில் அப்படியே ஆங்கில எழுத்துகளில் தட்டி வைத்தேன், பிறகு மாற்றிக்கொள்ளலாம் என்று. மாற்றவே இல்லை. ஒரு மாதக் கூட்டத்தில் ஜப்பான்காரர் மிகுந்த மரியாதையுடன், “உங்கள் ‘மொத்தாய்’ எண்ணிக்கை சற்று அதிகமாக இருக்கிறதே” என்று கேட்டபோது, கேமராவுக்கு வெளியே உட்கார்ந்திருந்த அக்கா மேசைக்கடியில் குனிந்து சிரித்ததில் நாற்காலியே நகர்ந்துவிட்டது.

ஏறக்குறைய ஒரு வருடம் அவர் கற்றுக்கொடுத்தார். திரையோடு பேசிக்கொண்டேதான் வேலை செய்வார். “இதுகூடத் தெரியலையா உனக்கு? நல்லாப் பாரு.” “ஆங், அப்படிச் சொல்லு ராசா.” நடுவே என்னை மேடம் என்பதும் போய், வீட்டுப் பெண்ணைக் கூப்பிடுவதுபோல் அம்மிணி ஆகிவிட்டது. அவர் தமிழ்நாட்டு எல்லையோரம், ஹனூர்ப் பக்கம் ராமாபுரத்துக்காரர். தமிழும் கன்னடமும் ஒன்றாகவே வரும். கோபம் வந்தால் கன்னடம், கொஞ்சினால் தமிழ். இயந்திரத்துக்கு இரண்டும் கிடைத்தது.

அறிக்கை தயாரானது. டெல்லியிலிருந்து மதிப்பீட்டுக் குழு ஒரு வெள்ளிக்கிழமை வருவதாக இருந்தது. அவர்கள் ஒப்புக்கொண்டால், அடுத்த பருவத்திலிருந்து வேறு பல நிலையங்களிலும் இந்த மென்பொருளே முடிவு சொல்லும்; அங்கெல்லாம் அக்காவைப் போல இன்னொரு முறை பார்த்துச் சொல்ல ஆள் இருக்காது. என் ஒப்பந்தம் நீடிப்பதும் அதில்தான் இருந்தது. திங்கட்கிழமை காலை அக்கா என்னைக் கூப்பிட்டார். சில சில்லுகளில் அவர் கண்ணுக்கு அரிசி தெரிந்தது. இயந்திரம் கொஞ்சமும் தயங்காமல் மொட்டை என்றது. சற்றுச் சிறியதாக, ஓரத்தில் ஒதுங்கியிருக்கும் அரிசிகளையெல்லாம் அது தவறவிட்டது. “இத எங்கிருந்து கத்துக்கிச்சுன்னு பாக்க முடியுமா அம்மிணி?” என்றார். பார்க்க முடிந்தது. அதைப் போன்ற பழைய படங்களைத் தேடி எடுத்தேன். எல்லாம் மழைக்காலத்தில் இரண்டு வாரங்களுக்குள் அக்கா மொட்டை என்று அடையாளமிட்டவை. அக்கா திரையையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு மூக்குக்கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

“எம் பொண்ணு கொள்ளேகால் ஆஸ்பத்திரியில பிரசவத்துக்குச் சேந்திருந்தா. தெனமும் பஸ்ஸுல போயிட்டுப் போயிட்டு வந்தேன். கூட்டத்துல கண்ணாடி கீழ விழுந்து மிதிபட்டுப்போச்சு. கடைக்குப் போக நேரமில்ல, பழைய கண்ணாடியப் போட்டுக்கிட்டு வந்து உக்காந்தேன். தெரியுதுன்னுதான் நெனச்சேன்.” கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டு, “பாவம், அதும்மேல குத்தமில்லீங்க. நான் சொன்னத அப்படியே எனக்குத் திருப்பிச் சொல்லுது” என்றார்.

டைரக்டரிடம் போனோம். அவர் கெட்டவர் அல்ல. அந்தத் திட்டத்துக்காக அலைந்து அலைந்து அவருக்குச் சர்க்கரையே ஏறியிருந்தது. கன்னடத்தில் மெதுவாகத்தான் சொன்னார்: வெள்ளிக்கிழமை முடியட்டும், அப்புறம் சத்தமில்லாமல் சரிசெய்துகொள்ளலாம், இப்போது சொன்னால் அக்காவின் பணிப்பதிவேட்டில்தான் கறுப்புப் புள்ளி விழும், ஓய்வு பெற இரண்டு வருடம்கூட இல்லை. பிறகு என்னைப் பார்த்து, குழுவுக்குக் காட்டும் சில்லுகளில் இந்த வகை வேண்டாம் என்றார். நான் சரி என்றேன். அதை இங்கே எழுதத்தான் வேண்டும். எனக்கு அது பெரிய பொய்யாகவே தோன்றவில்லை. நல்ல படங்களைப் பொறுக்கி வைப்பதுதானே என்று இருந்தது. அன்றே பொறுக்கியும் வைத்தேன். அக்கா அதைப் பார்த்தார். அடுத்த மூன்று நாட்களும் அந்த இரண்டு வாரப் படங்களை ஒவ்வொன்றாகத் திறந்து, ஒரு நோட்டில் எண்களை எழுதிக்கொண்டே இருந்தார். புழுக்கள் செத்தால் எப்படி இருக்கும் என்று ஒரே ஒரு முறை, சாப்பிடும்போது சொன்னார். அவர் சிறுமியாக இருந்தபோது ராமாபுரத்து வீட்டில் ஒரு பருவம் முழுவதும் போனதாம். தட்டுத் தட்டாகக் கொண்டுபோய்க் குழியில் கொட்டினார்களாம். “அப்பா அன்னிக்குக் குளிச்சிட்டு வந்து சாப்பிடாமப் படுத்துக்கிட்டாரு” என்றார். அவ்வளவுதான்.

வெள்ளிக்கிழமை வந்தது. குழுத் தலைவி நரைத்த கூந்தலை இறுக்கி முடிந்த, அதிகம் பேசாத ஓர் அம்மையார். ஆங்கிலமும் இந்தியும்தான். நான் பொறுக்கி வைத்த சில்லுகள் ஒவ்வொன்றிலும் இயந்திரம் சரியாகச் சொன்னது. டைரக்டரின் தோள்கள் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கி இயல்புக்கு வந்தன. கடைசியில் தலைவி, “இதற்குக் கற்றுக்கொடுத்தது யார்?” என்று கேட்டார். பாராட்டத்தான் கேட்டிருப்பார். டைரக்டர் பெருமையுடன் அக்காவைக் காட்டினார். அக்கா எழுந்து நின்றார். நோட்டு கையில் இருந்தது.

“நான்தானுங்க கத்துக் குடுத்தேன். ரெண்டு வாரம் தப்பாக் கத்துக் குடுத்துப்போட்டேன். எந்தெந்தப் படம்னு இதுல எழுதியிருக்கேன். அந்த மாதிரிச் சில்லு இன்னிக்கு இங்க வெக்கல. அதையும் பாத்துட்டுத்தான் நீங்க முடிவு சொல்லோணும்.”

தலைவி என் பக்கம் திரும்பி, என்ன சொல்கிறார் என்று ஆங்கிலத்தில் கேட்டார். அக்காவைத் தவிர அந்த அறையில் தமிழ் நன்றாகத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். டைரக்டருக்கு ஓரளவு புரியும். அவர் என்னைப் பார்த்தார். ஜன்னலுக்கு வெளியே யாரோ ஸ்கூட்டரை உதைத்து உதைத்துக் கிளப்ப முயன்றுகொண்டிருந்தார்கள். ஒரு வருட உழைப்பு தனக்குப் பெருமை, எல்லாருக்கும் நன்றி என்று அக்கா சொல்வதாக நான் சொல்லியிருக்கலாம். யாரும் அறியப்போவதில்லை. அந்த வாக்கியம் என் நாக்கு நுனிவரை வந்தது. அக்கா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார், கெஞ்சலாகவும் இல்லை, மிரட்டலாகவும் இல்லை. ஸ்கூட்டர் கிளம்பிவிட்டது. நான் அவர் சொன்னதை முழுவதுமாக, வரிக்கு வரி, ஆங்கிலத்தில் சொன்னேன். சில்லுகளைப் பொறுக்கியது நான் என்பதையும் சேர்த்துச் சொன்னேன்.

தலைவி எழுந்து வந்து, விலக்கி வைத்திருந்த சில்லைக் கேட்டு வாங்கினார். இயந்திரம் மொட்டை என்றது. அவர் குனிந்து வெகுநேரம் பார்த்தார். நிமிர்ந்து, “அரிசி” என்றார், அதுவரை திரையில் பார்த்துவந்த அந்த ஒரு சொல்லைத் தமிழிலேயே. யாருக்கும் சிரிக்கத் தைரியம் வரவில்லை. அவரே சிரித்த பிறகுதான் மூச்சு வந்தது. அன்றைக்கு ஒப்புதல் கிடைக்கவில்லை. மூன்று மாதம் கொடுத்தார். இனி ஒவ்வொரு படத்தையும் இரண்டு பேர், ஒருவர் சொன்னது மற்றவருக்குத் தெரியாமல், அடையாளமிட வேண்டும். கூட்டுத் திட்டத்தில் இருக்கும் மற்ற நாடுகளும் அப்படியே செய்ய அவரே எழுதுவார் என்றார். பணிப்பதிவேட்டைப் பற்றி டைரக்டர் தயங்கித் தயங்கிக் கேட்டதற்கு, அந்த நோட்டின் நகலை அதில் ஒட்டி வையுங்கள், போதும் என்றார்.

டைரக்டர் ஒரு வாரம் எங்களோடு பேசவில்லை. அடுத்த வாரம் அவரே நஞ்சன்கூடு வாழைப்பழச் சீப்பு ஒன்றை எங்கள் மேசையில் வைத்துவிட்டுப் போனார். அதற்குப் பிறகு வந்த மாதக் கூட்டம்தான் எனக்குப் பிடித்தது. பிரேசில் விஞ்ஞானி, தாங்களும் தேடிப் பார்த்ததாகவும், மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு அடையாளமிட்ட படங்களில்தான் தவறுகள் அதிகம் என்றும் வெட்கத்துடன் ஒப்புக்கொண்டார். நேரம் குறித்து வைக்கும் ஜப்பான்காரர் தன் ஏட்டைப் புரட்டி, எங்களுக்கும் அப்படியே என்றார். நான் மொழிபெயர்த்ததும் அக்கா, “எந்த ஊருக்குப் போனாலும் சோறு தின்னா ஒரே தூக்கந்தான் போல” என்றார். அதையும் மொழிபெயர்த்தேன். மூன்று நாடுகளும் சிரித்தன. உஸ்பெகிஸ்தானிலிருந்து சிரிப்பு சற்றுத் தாமதமாக வந்தது.

அக்கா கேட்ட இன்னொரு கேள்விதான் திட்டத்தையே மாற்றியது. “இது எப்பப் பாத்தாலும் அரிசி, இல்லாட்டி மொட்டைங்குது. தெரியலன்னு சொல்ல விடமாட்டீங்களா அதை?” நான் பெரிய கம்பெனியில் கற்றதெல்லாம், எவ்வளவு உறுதியாகப் பதில் சொல்கிறதோ அவ்வளவு நல்ல மென்பொருள் என்றுதான். மூன்றாவதாக ஓர் அடையாளம் சேர்த்தோம்: “தெரியல”. சந்தேகமானதை இயந்திரம் அந்தக் கூடையில் போட்டுவிடும், மனிதர் பார்ப்பார். மூன்று மாதம் கழித்துக் குழு ஒப்புக்கொண்டது. இன்று நான்கு நாடுகளில் ஓடும் அந்த மென்பொருளில் மூன்று தமிழ்ச் சொற்கள் இருக்கின்றன. அவற்றின் பொருளை விளக்கி ஜப்பான்காரர் தம் மொழியில் அடிக்குறிப்பு எழுதியிருக்கிறார்.

அக்கா ஓய்வு பெற்று ராமாபுரத்துக்கே போய்விட்டார். சென்ற பருவத்தில் அங்கே போயிருந்தேன். அவருடைய தம்பியின் புழுவளர்ப்பு மனை. எங்கள் இயந்திரம் சோதித்து அனுப்பிய முட்டைகளிலிருந்து வந்த புழுக்கள், தட்டுத் தட்டாக, வெள்ளை வெளேரென்று, தலையைத் தூக்காமல் மல்பெரி இலையைத் தின்றுகொண்டிருந்தன. மடியில் பேரக்குழந்தையோடு அக்கா உட்கார்ந்திருந்தார். கொள்ளேகாலில் பிறந்த அதே குழந்தை. இப்போது நன்றாகவே வாய் பேசியது.

காபி கொடுத்துக்கொண்டே அக்கா, தம்பி மனைவியிடம் என்னைக் காட்டி, “இந்த அம்மிணிதான் அன்னிக்கு நான் சொன்னதுல ஒரு வார்த்தைகூட விடாம இங்கிலீஷுல சொன்னது” என்றார்.

“விடலன்னு உங்களுக்கு எப்படிக்கா தெரியும்?” என்றேன் சிரித்துக்கொண்டு.

“ஏனுங், இருபது வருசம் ஆபீசர்களுக்கு நடுவுல உக்காந்திருக்கேன். எனக்கு இங்கிலீஷ் பேசத்தான் வராது. கேட்டா நல்லாப் புரியும்.” குழந்தையின் வாயைத் துடைத்துவிட்டு, என்னைப் பார்க்காமலே சொன்னார்: “முதல்ல கொஞ்சம் யோசிச்சீங்க. அதையும் பாத்தேன். நீங்க சொல்லாட்டி, எனக்கு வந்த இங்கிலீஷுல நானே சொல்லியிருப்பேன். ஆனா அப்புறம் உங்கள அம்மிணின்னு கூப்பிட்டிருக்க மாட்டேன்.”