மீட்டர் காட்டிய நானூற்றுப் பன்னிரண்டு

ஆரஞ்சு வாசனையுள்ள குளுக்கோஸ் பொடி, பிளாஸ்டிக் உறைக்குள் இருந்தாலும், இடுப்பு வியர்வையின் சூட்டில் மெல்லக் கட்டிப்போகும். அதைப் பல்லால் கிழித்து நாக்கில் கொட்டினால் முதலில் உப்பும், பிறகு சுண்ணாம்பு போன்ற ஒரு மாவுத்தன்மையும், அதற்கும் பிறகுதான் இனிப்பும் தெரியும். என் ஓட்டக் கால்சட்டையின் உட்புறத்தில் அம்மா தைத்துக் கொடுத்த ஒரு சிறிய பையில், அப்பாவுக்குத் தெரியாமல், அப்படி இரண்டு பொட்டலங்கள் எப்போதும் இருந்தன.

இதை எழுதும்போது என் ரத்தச் சர்க்கரை நூற்று இருபத்தொன்று. முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். நான் கோபமாகப் பேசினாலும் எழுதினாலும், "லோ ஆயிடுச்சா, ஏதாவது சாப்பிடு" என்று சொல்கிறவர்கள் என்னைச் சுற்றி இருபது வருடங்களாக இருக்கிறார்கள். சர்க்கரை குறைந்தால் கோபம் வரும் என்பது உண்மைதான். ஆனால் எனக்கு வருகிற எல்லாக் கோபத்துக்கும் சர்க்கரை பொறுப்பல்ல; இந்தக் கோபம் நல்ல அளவில், நிதானத்தில், உட்கார்ந்து யோசித்து வந்தது.

போர்ட் பிளேருக்கு வடக்கே, மாயாபந்தரில் வளர்ந்தேன். அப்பா பரமக்குடிப் பக்கத்திலிருந்து அரசு வேலையாக வந்தவர். ஜெட்டியை, அதாவது படகுத்துறையை, ஒட்டிய அலுவலகம் ஒன்றில் எழுத்தர். எனக்குப் பதினோரு வயதில் முதல் வகை நீரிழிவு என்று தெரிந்தது. போர்ட் பிளேர் ஆஸ்பத்திரியில் ஒரு வாரம் வைத்திருந்து, ஊசி போடவும் மீட்டரில் அளக்கவும் சொல்லிக்கொடுத்து, ஒரு தாளில் விதிகளை எழுதித் தந்தார்கள். "பாப்பா ஓடலாம், விளையாடலாம், அளந்து பாத்துட்டு செய்யட்டும், கையில சர்க்கரை இருக்கட்டும்" என்று அங்கிருந்த டாக்டரம்மா தெளிவாகச் சொன்னார். அந்த வாக்கியம் அம்மாவின் காதில் விழுந்தது, என் காதில் விழுந்தது, அப்பாவின் காதில் விழவில்லை. அவருக்குச் "சுகர்" என்றால் ஊரில் கால் எடுக்கப்பட்ட தன் அண்ணன். பெரியப்பாவுக்கு வந்தது வேறு, எனக்கு வந்தது வேறு என்று எத்தனை முறை சொன்னாலும், அவர் கண் என் காலைத்தான் பார்க்கும்.

ஊர் திரும்பிய மறுநாள் அவர் செய்த காரியம் இது: பஜார் தொடங்கி ஜெட்டி முனைவரை இருந்த பதினோரு கடைகளிலும் ஏறி இறங்கி, "எம் மக வந்து கேட்டா மிட்டாயோ ஜூஸோ எதுவும் குடுத்துறாதீங்க" என்று சொல்லி, ஒவ்வொருவரிடமும் "கசம்", அதாவது சத்தியம், வாங்கிக்கொண்டார். வங்காளி, தெலுங்கு, மலையாளி, ராஞ்சிக்காரர் என்று எதிலும் ஒன்றுபடாத அந்தத் தெரு, எனக்கு இனிப்புத் தரக்கூடாது என்ற ஒரே விஷயத்தில் முழுமனதாக ஒன்றுபட்டது. கப்பல் நேரம் தப்பலாம், தபால் தப்பலாம், இந்தக் காவல் மட்டும் தப்பியதில்லை. பள்ளியில் என் பெயர் "சுகர்வாலி" ஆயிற்று. "ஏய் சுகர்வாலி, எங்க வீட்டுல சீனி தீந்துபோச்சு, உன் விரல டீல முக்கிட்டுப் போயேன்" என்று ஒருத்தி தினமும் கேட்பாள். முதல் நாள் நானும் சிரித்தேன்.

பி.டி. சார் என்னை ஓட விடவில்லை. ஓடுகிறவர்களின் நேரத்தைக் குறிக்கும் வேலையைக் கொடுத்து, நிறுத்துகடிகாரத்தைக் கழுத்தில் மாட்டிவிட்டார். இரண்டு வருடம் மற்றவர்களின் ஓட்டத்தை எழுதினேன். பட்டியல் போடும் பழக்கம் எனக்கு அங்கேதான் வந்தது. பிறகு, பள்ளி முடிந்து வீட்டுக்குத் திரும்பும் மேட்டுச் சாலையில், பையை முதுகில் கட்டிக்கொண்டு நானே ஓட ஆரம்பித்தேன். ஓடும் முன் ஒரு அளவு, ஓடி முடித்ததும் ஒன்று, இரண்டு மணி நேரம் கழித்து ஒன்று. மெயின்லேண்டிலிருந்து கப்பலில் வரும், மீட்டரில் செருகும் பரிசோதனைப் பட்டைகள் ஒரு டப்பாவுக்கு ஐம்பதுதான். ஓட்டத்துக்கு மூன்று என்றால், காய்ச்சல் வந்தால் அளக்கப் பட்டை இருக்காது. எனவே வாரத்துக்கு ஒரு ஓட்டத்தை மட்டும் அளந்தேன், மற்றவற்றை அதை வைத்து ஊகித்தேன். எட்டு மாதத்தில் எனக்குத் தெரிந்தவை: நூற்று இருபதுக்குக் கீழே இருந்தால் ஓடும் முன் இரண்டு பிஸ்கட் வேண்டும், தொடையில் ஊசி போட்ட நாளில் ஓடக்கூடாது, ஓடி முடித்து வெகுநேரம் கழித்தும் சர்க்கரை இறங்கும், நடுவில் உதடு மரத்தால் உடனே நின்று ஒரு பொட்டலம். இந்த நோட்டு என்னிடம் இன்றும் இருக்கிறது. பதின்மூன்று வயதுப் பெண் போட்ட குறிப்பு என்று பார்த்தால் மோசமில்லை.

ஒன்பதாம் வகுப்பில், பக்கத்து ஊரான ரங்கத்தில் நடக்கும் போட்டிக்கு ஆள் எடுக்கும் நாள் வந்தது. மழையில் மைதானம் குளமாகிவிட்டதால் ஓட்டம் சாலையில். பள்ளி வாசலிலிருந்து ஜெட்டிவரை நான்கு கிலோமீட்டர். ஒருத்திக்குக் காய்ச்சல், ஆள் குறைந்தது. என் நோட்டை நீட்டி, என் நேரங்களைக் காட்டிக் கேட்டேன். சார் நேரத்தை மட்டும் படித்துவிட்டு, சரி என்றார். ஆனால் கோட்டில் நிற்கும்போது என் இடுப்புப் பை புடைத்திருப்பதைப் பார்த்தார். விரலை விட்டு இரண்டு பொட்டலத்தையும் எடுத்து எல்லோருக்கும் தெரிய உயர்த்தி, "க்யா ரே, டாஃபி லேகே தௌடேகி?" என்றார். மிட்டாயோடு ஓடப் போகிறாயா என்று. எல்லோரும் சிரித்தார்கள். "சார், வோ தவாயி ஹை" என்றேன், அது மருந்து என்று. "சுகருக்குச் சக்கரைதான் தவாயா?" என்று ஒரு தமிழ்க் குரல் பின்னாலிருந்து கேட்டது. சார் பொட்டலங்களைத் தன் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு விசில் ஊதினார்.

அங்கேயே திரும்பி நடந்திருக்க வேண்டும். என் விதிகளில் முதலாவது அதுதான். ஆனால் இரண்டு வருடத்துக்கும் மேலாகக் காத்திருந்து கிடைத்த ஒரே ஓட்டம் அது. ஓடினேன்.

மூன்றாவது கிலோமீட்டரில் எனக்கு முன்னால் யாருமில்லை. அதன் பிறகு உதடு மரத்தது, சாலையோரத்து மைல்கல் இரண்டாகத் தெரிந்தது. ஜெட்டிக்கு இருநூறு அடி முன்னால் ராக்கம்மா அக்காவின் டீக்கடை. சிவகங்கைக்காரர், என்னைச் சிறு வயதிலிருந்து தெரிந்தவர். பெஞ்சைப் பிடித்துக்கொண்டு, "அக்கா, சீனி" என்றேன்.

"அய்யோ, ஏம்புள்ள இப்படி வேர்த்துக் கொட்டுது? உக்காரு, உக்காரு. சீனியெல்லாம் கேக்கக் கூடாது. உங்கப்பா கசம் வாங்கிட்டுப் போயிருக்காருல்ல?"

"லோ ஆயிடுச்சுக்கா. சீனி குடுங்க."

"ஓடுனா அப்படித்தான் இருக்கும். நிம்பு பானி தர்றேன், எலுமிச்ச பிழிஞ்சு, உப்புப் போட்டு. சுகருக்கு அதுதான் நல்லது. உனக்குன்னே சீனி போடாமத் தர்றேன், பாரு."

அவர் முகத்தில் இருந்த பாசத்தை நான் இன்னும் மறக்கவில்லை. அதனால்தான் பாசத்தைக் கண்டால் எனக்குச் சந்தேகம். மேஜைமேல் இருந்த சீனி பாட்டிலை எடுத்தேன், அவர் பிடுங்கினார், நான் விடவில்லை, பாட்டில் பெஞ்சில் விழுந்து உடைந்தது. கண்ணாடியைத் தள்ளிவிட்டு, எறும்போடு சேர்த்து, இரண்டு கையாலும் அள்ளி வாயில் போட்டுக்கொண்டேன். படகுக்காகக் காத்திருந்த கூட்டம் வேடிக்கை பார்த்தது. "சோர் ஹை க்யா?" என்று ஒருவர் கேட்டார். திருடியா என்று. யாரோ ஓடிப்போய் அலுவலகத்தில் சொல்ல, அப்பா வந்தார். வாயெல்லாம் சீனியோடு நான் நின்ற கோலத்தைப் பார்த்தார், கன்னத்தில் ஒன்று வைத்தார், கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு மேட்டில் இருந்த குவார்ட்டர்ஸுக்கு நடந்தார். அம்மா தையல் வகுப்பிலிருந்து இன்னும் திரும்பவில்லை.

அதற்குப் பிறகு நடந்ததை நான் வரிசையாகச் சொல்ல முடியும். நாற்காலியில் உட்கார வைத்தார். மீட்டரை எடுத்தார். வலது நடுவிரலில் குத்தினார். சீனி ஒட்டி, வியர்வையில் கரைந்து பிசுபிசுத்த விரல் அது. ரத்தத்தைப் பட்டையில் தொட்டார். நானூற்றுப் பன்னிரண்டு.

"பாத்தியா? பாத்தியாத்தா? நானூத்திப் பன்னெண்டு! கால எடுத்துருவாங்கடீ!"

"லோ ஆச்சுப்பா. அதனாலதான் தின்னேன்."

"மிஷின் பொய் சொல்லுமா?"

சர்க்கரை இன்னும் குறைவாகவே இருப்பதாக என் உடம்பு சொல்லிக்கொண்டிருந்தது. ஆனால் எட்டு மாதம் நான் எழுதிய நோட்டு முழுவதும் அந்த மீட்டர் சொன்ன எண்கள்தான். அதை நம்பாமல் எதை நம்புவது? அவர் குளிர்பெட்டியிலிருந்து இன்சுலினை எடுத்து எட்டு யூனிட் ஏற்றினார். சட்டைக் கையை நான்தான் தூக்கிக் காட்டினேன். அப்பாவின் மேல் எனக்குள்ள கோபத்தைப் பற்றி யாராவது கேட்டால், இந்த இடத்தையும் சேர்த்தே சொல்வேன்.

ஊசி போட்டதும் அப்பா அலுவலகத்துக்குத் திரும்பிவிட்டார். எங்கள் தீவில் ஐந்து மணிக்கெல்லாம் இருட்டிவிடும். அம்மா வீட்டுக்குள் வந்தபோது விளக்கு போடப்படவில்லை, அவள் கூப்பிட்டதற்கு நான் பதில் சொல்லவில்லை, தரையில் கிடந்த என் கால் மட்டும் வெட்டி வெட்டி இழுத்துக்கொண்டிருந்தது என்று பிற்பாடு சொன்னாள். பக்கத்து வீட்டு ஜீப்பில் கொண்டுபோனார்கள். எனக்கு நினைவு திரும்பியபோது கையில் குளுக்கோஸ் ஏறிக்கொண்டிருந்தது. மலையாளி நர்ஸ் சேச்சி ஒருவர் ஈரப் பஞ்சால் என் விரல்களை ஒவ்வொன்றாகத் துடைத்துக்கொண்டே, தலைமாட்டில் நின்ற அப்பாவிடம் கேட்டார்: "கை கழுவிட்டுத்தானே டெஸ்ட் பண்ணீங்க?"

அப்பா அந்தப் பஞ்சையே பார்த்தார். சேச்சி மறுபடியும் கேட்டார். விரலில் சீனி இருந்தால் மீட்டர் அந்தச் சீனியையும் சேர்த்துத்தான் அளக்கும் என்று, குழந்தைக்குச் சொல்வதுபோல் சொன்னார். "நல்ல காலம், அம்மா வந்தாங்க" என்றார்.

ரங்கத்துக்கு வேறொருத்தி போனாள். என் ஓட்டக் காலணியை அப்பா யாருக்கோ கொடுத்துவிட்டார். அதன் பிறகாவது அவர் பதினோரு கடைகளிலும் ஏறி, சொன்னதைத் திரும்பப் பெற்றிருக்கலாம். பெறவில்லை. ராக்கம்மா அக்கா வெகுநாள்வரை என்னைப் பார்க்கும்போதெல்லாம், "பாட்டில ஒடச்ச புள்ள" என்று சிரித்தபடி எல்லோரிடமும் சொல்வார். நான் சாகவிருந்த கதை, அந்த ஊரில் நான் சீனி திருடிய கதையாகத்தான் நின்றது.

இப்போது போர்ட் பிளேரில் மின்நிலையம் ஒன்றில் அளவுக்கருவிகளைச் சரிபார்க்கும் பொறியாளராக இருக்கிறேன். ஒரு கருவி வித்தியாசமான எண்ணைக் காட்டினால், எண்ணைப் பார்க்கும் முன் முனையைத் துடைத்துவிட்டு மறுபடி அளக்கச் சொல்வது என் பழக்கம். கூட வேலை செய்கிறவர்களுக்கு அது எரிச்சல். காலையில் டாலிகஞ்ச் சாலையில் ஐந்து கிலோமீட்டர் ஓடுகிறேன். கையில் ஒட்டிய சென்சார் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை போனுக்கு எண் அனுப்புகிறது. அது உடம்பு சொல்வதோடு ஒத்துப்போகாவிட்டால் நின்று, கை துடைத்து, விரலில் குத்திப் பார்க்கிறேன். சர்க்கரையை இரண்டு இடத்தில் வைத்திருக்கிறேன், இரண்டும் வெளியே தெரியும்படி.

போன மாதம் வேலையாக மாயாபந்தர் போனேன். ராக்கம்மா அக்காவின் கடை இருந்த இடத்தில் பயணிகள் கூடம் கட்டியிருக்கிறார்கள். பதினொன்றில் நான்கு கடைகள்தான் மிச்சம், அவற்றிலும் வேறு முகங்கள். ஒன்றில் ஆரஞ்சு மிட்டாய் கேட்டேன். கல்லாவில் இருந்த பெண் போனிலிருந்து கண்ணை எடுக்காமல் தூக்கிப் போட்டாள். என்னைத் தடுக்க அந்தத் தெருவில் ஒருவரும் இல்லை. எனக்கு நிம்மதியாக இருந்தது என்று எழுத வேண்டும், எரிச்சலாகத்தான் இருந்தது. சண்டை போட வந்த இடத்தில் எதிராளியைக் காணோம்.

ஓய்வு பெற்ற பிறகு அப்பாவும் அம்மாவும் என்னுடன்தான் இருக்கிறார்கள். அப்பாவுக்கு இப்போது அவர் அண்ணனுக்கு வந்த அதே சுகர். மாத்திரை, மாலை நடை. தெருமுனைக் கடையில் அவர் ஜிலேபி வாங்கித் தின்பது எனக்குத் தெரியும். அந்தக் கடையில் ஏறி நான் எதுவும் சொன்னதில்லை. நடக்கக் கிளம்பும்போது அவர் சட்டைப்பையில் நான்கு மிட்டாய் போட்டுவிடுகிறேன். "எனக்கெதுக்குத்தா இது?" என்பார். "இருக்கட்டும்" என்பேன். அந்த நாளைப் பற்றி அவர் ஒரு வார்த்தை சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை, மன்னித்ததும் இல்லை.

ஆனால் தினமும் காலையில் மீட்டரை எடுக்கும் முன், அவர் குழாயடியில் நின்று, சோப்புப் போட்டு, விரலிடுக்கு விரலிடுக்காகத் தேய்த்து, கழுவி, மறுபடியும் சோப்புப் போட்டுக் கழுவித் துடைக்கிறார். அவ்வளவு நேரம் தண்ணீர் ஓடும் சத்தம் சமையலறைவரை கேட்கும்.

"ஈரம் இருந்தா நம்பர் கொறச்சுக் காட்டும்" என்கிறேன், திரும்பிப் பார்க்காமல்.

அவர் மறுபடியும் துடைத்துக்கொள்கிறார்.