ஆறாம் மாடிக்கு ஏறி வந்த சூட்டுப்பெட்டி

என் எழுத்தைப் பார்த்துப் படிக்கிறவர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம். நான்காம் வகுப்போடு படிப்பு முடிந்தது. முப்பது வருடமாகக் கோணி ஊசி பிடித்த கை. போட்டாதாங் படகுத்துறை அருகே ஒரு கிடங்கில் பருப்பு மூட்டைகளின் வாயைத் தைக்கிறேன். எழுத்தும் தையல் மாதிரிதான் சாய்ந்து போகும். பிழை இருந்தால் நீங்களே மனதுக்குள் திருத்திக்கொள்ளுங்கள். எனக்கு எந்த இடத்தில் பிழை என்றுகூடத் தெரியாது.

நான் பேசக் கூச்சப்படுகிறவன். மூட்டை பதில் பேசாது என்பதால்தான் இந்த வேலை பிடித்தது. கூச்சம் போதாதென்று பிறந்ததும் ரங்கூனில். இங்கே பர்மியில் 'ஆனாடே' என்று ஒரு சொல் உண்டு. அடுத்தவர் மனம் நோகுமே என்று, வேண்டாததை வேண்டாம் என்று சொல்ல முடியாமல் நெளிவது. பர்மாக்காரர் அதை நல்ல குணம் என்பார்கள். எங்கள் தமிழர்களும் மூன்று தலைமுறையாக அதை நன்றாகக் கற்றுக்கொண்டோம். நான் மட்டும் கொஞ்சம் அதிகமாகவே கற்றுக்கொண்டுவிட்டேன்.

ரங்கூனிலேயே தாமுவே பேட்டையில் ஆறாவது மாடியில் குடியிருக்கிறோம். லிப்ட் கிடையாது. எங்கள் தலைக்கு மேல் தகரம், தகரத்துக்கு மேல் சூரியன், நடுவில் வேறு யாரும் இல்லை. போன வருடம் சித்திரையில் என் வீட்டுக்காரி அடுப்படியில் மயங்கி விழுந்தாள். அவளுக்கு ஏற்கெனவே ரத்தக்கொதிப்பு. ஆஸ்பத்திரியில் டாக்டர் சொன்னார்: "இது வெயில் தாக்கியது. இந்த முறை பிழைத்துக்கொண்டார். அடுத்த வெயிலுக்குள் அந்த அறையைக் குளிர்ச்சியாக்குங்கள். இன்னொரு தடவை வந்தால் நான் எதுவும் சொல்ல முடியாது."

அடுத்த வெயில் என்பது இந்த வருடம். சித்திரையில் வருகிற தண்ணீர்ப் பண்டிகைக்குள் ஏதாவது செய்தாக வேண்டும்.

எங்கள் மகள் ஜப்பானில், வடக்கே பனி கொட்டுகிற ஊர் ஒன்றில், முதியோரைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் இருக்கிறாள். தமிழ் புரியும், பாதிக்கு மேல் பர்மியில்தான் பேசுவாள். அங்கே வீட்டுக்கு வீடு ஒரு ஏசிப் பெட்டி இருக்கிறதாம். பனிக்காலத்தில் சூடு, வெயில்காலத்தில் குளிர்.

"அப்பா, அந்த மாதிரியே வாங்குங்க. ரெண்டும் வரும். மார்கழியில அம்மாவுக்குக் குளிராதுல்ல?"

ரங்கூன் மார்கழியைப் பற்றிச் சொல்ல வேண்டும். விடியற்காலை நாலு நாள் கொஞ்சம் சிலுசிலுப்பாக இருக்கும். அந்த நாலு நாளும் ஊரே கம்பளிச்சட்டை போட்டுக்கொண்டு அலையும், வாங்கியது வீணாகக் கூடாதே என்று. இந்தக் கொடுங்குளிரைச் சமாளிக்கத்தான் எங்களுக்குச் சூடு தரும் இயந்திரம். மகள் ஆசைப்படுகிறாள், மறுப்பது எப்படி? சரி என்றேன்.

மெஷின் மாட்டுகிறவர்கள் இரண்டு பேர் வந்து பார்த்தார்கள்.

முதலில் வந்தவர் பர்மாக்காரர். நல்ல இஸ்திரி போட்ட லுங்கி, நல்ல பேச்சு. சிவப்பு வெளிச்சம் அடிக்கிற கருவியால் சுவரை அளந்தார். ஒரு தடவைக்கு நாலு தடவை அளந்தார், அறை வளர்ந்துவிடுமோ என்று பயந்தவர் மாதிரி. "ஊலே, உங்களுக்கென்றே ஜப்பானிலிருந்து ஒன்று வந்து இறங்கியிருக்கு. ஒன்றரைக் குதிரைச் சக்தி. பழசுதான், ஆனால் ஜப்பான் பழசு" என்றார். ஊலே என்றால் மாமா. மாட்டிக் குளிர்ந்த பிறகு பணம் கொடுத்தால் போதும் என்றார். எங்கள் தெருவுக்கு வருகிற மின்சாரம் ஒன்றரை ஆட்டுக்குட்டியைக்கூட இழுக்காது என்று எனக்குத் தெரியும். அதுவும் சில மணி நேரம் வரும், பல மணி நேரம் போகும். ஆனால் அவர் எங்கள் வீட்டில் இரண்டு டீ குடித்திருந்தார். ஆறு மாடி ஏறி வந்து இரண்டு டீ குடித்த மனிதரிடம் எப்படிச் சொல்வது?

இரண்டாவது ஆள் எங்கள் கோயிலுக்கு வருகிற தமிழர், இன்சீனில் எலக்ட்ரிக் வேலை செய்கிறவர். ஊரைச் சுற்றி ஓடும் வட்ட ரயிலைப் பிடித்து வந்தார். அளக்கவில்லை. ஸ்டூல் மேல் ஏறித் தகரத்தைத் தொட்டார், கையை உதறிக்கொண்டு இறங்கினார்.

"ஏண்ணே, இங்க சும்மா கிடைக்கிற சூட்டை எதுக்கு ஜப்பானில இருந்து வரவழைக்கிறீங்க?"

"மகள் சொல்லிச்சு..."

"மகள் பனியில உக்காந்துக்கிட்டு சொல்லுது. உங்க எதிரி இந்தத் தகரம். மேல வெள்ளைப் பெயிண்டு அடிங்க. கீழ வெள்ளித்தாள் ஒட்டின நுரைப்பாய் கட்டுவோம். ஒரு பேட்டரி, ரெண்டு காத்தாடி. கரண்டு போனாலும் ஓடும். ஏசி கரண்டு போனா என்னண்ணே செய்யும்? சுவத்துல தொங்கும்."

டீ வேண்டாம், ரயிலுக்கு நேரமாச்சு என்று போய்விட்டார். அதுதான் அவர் செய்த தவறு.

ஒப்பந்தக்காரரைத் தேர்ந்தெடுப்பது எப்படி என்று விவரம் தெரிந்தவர்கள் பலதும் சொல்வார்கள்: அனுபவத்தைப் பார், செய்த வேலையைப் போய்ப் பார், நாலு பேரிடம் கேள். என் முறை சுலபமானது. யாரிடம் முடியாது என்று சொல்ல எனக்கு அதிகக் கஷ்டமோ அவருக்கே வேலை. டீ குடித்தவர் ஜெயித்தார்.

பண்டிகைக்கு ஒரு வாரம் முன்பு பெட்டி வந்தது. இரண்டு ஆட்கள் தோளில் சுமந்து ஆறு மாடி ஏறினார்கள். ஒவ்வொரு மாடியிலும் அவர்கள் விட்ட பெருமூச்சு எனக்குக் கேட்டது. மூன்றாவது மாடி தாண்டியபோதே, இனி அது யானையாக இருந்தாலும் வாங்கிக்கொள்வது என்று முடிவு செய்துவிட்டேன்.

சுவரில் ஓட்டை போட்டார்கள், குழாய் இழுத்தார்கள். பகல் ஒரு மணிக்குத் தெருவெங்கும் "மீ லாபி!" என்று கூச்சல். கரண்டு வந்துவிட்டது என்று அர்த்தம். குளிர் வெளியே போய்விடக் கூடாது என்று டீ குடித்த முதலாளி தன் கையாலேயே எல்லா ஜன்னலையும் அடைத்தார். விருந்தாளிகள் இருக்கும்போது எழுந்து போகக் கூடாதென்று என் வீட்டுக்காரியும் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். ரிமோட்டில் முழுக்க ஜப்பான் எழுத்து. மகளை வீடியோவில் கூப்பிட்டோம். தலையில் கம்பளிக் குல்லாயோடு வந்தாள்.

"மேல நீலமா இருக்கிறதுதான் குளிர், அப்பா. அதை அமுக்குங்க."

அமுக்கினோம். பெட்டி உறுமியது. காற்று வந்தது. சோற்றுப்பானையைத் திறந்தால் முகத்தில் அடிக்குமே, அந்தக் காற்று.

சுமந்து வந்தவர்கள் வியர்வையைத் துடைத்துக்கொண்டு சிரித்தார்கள். முதலாளி, "முதலில் கொஞ்சம் அப்படித்தான் இருக்கும், ஊலே" என்றார். திரும்ப நீலத்தை அமுக்கினார். திரும்பவும் சூடு. ஐந்து நிமிடம் போயிருக்கும். என் முகத்தையே எல்லாரும் பார்த்தார்கள்.

நான் சொன்னேன்: "கொஞ்சம் குளிர்ற மாதிரிதான் இருக்கு."

இதை எழுதவே வெட்கமாக இருக்கிறது. ஆனாலும் சொன்னேன். அறை அடுப்பாகக் கொதிக்கிறது, நான் குளிர்கிறது என்கிறேன். முதலாளி சந்தோஷமாகத் தலையை ஆட்டினார்.

அப்போது போனில் இருந்து மகள் கத்தினாள், அவளுக்கு அவசரத்தில் வருகிற பர்மியில்: "அம்மாவைப் பாருங்க!"

வீட்டுக்காரியின் உதடு வெளுத்திருந்தது. கண் எங்கோ போயிருந்தது. போன வருடம் அடுப்படியில் பார்த்த அதே முகம்.

நான் எழுந்து பிளக்கைப் பிடுங்கினேன். நான்கு ஜன்னலையும் திறந்தேன். "வேண்டாம்" என்றேன். சத்தமாக, பர்மியில் ஒரு தடவை, தமிழில் ஒரு தடவை. "இந்தப் பெட்டி எனக்கு வேண்டாம். கழற்றிக்கொண்டு போங்கள்." என் குரல் அவ்வளவு பெரியது என்று எனக்கே தெரியாது. கீழே தெருவில் ஒரு சைக்கார் ரிக்‌ஷா நின்று மேலே பார்த்தது.

சுமந்து வந்த ஆட்களில் ஒருவர் ஓடிப்போய் ஈரத்துணி கொண்டு வந்தார். இன்னொருவர் அவளை மாடிப்படி நிழலுக்குத் தூக்க உதவினார். கால் மணி நேரத்தில் பேச்சு வந்தது. வந்த முதல் பேச்சு: "அவங்களுக்கு டீ கொடுத்தீங்களா?"

பெட்டியைக் கழற்றும்போது முதலாளி என் பக்கத்தில் வந்து தலை குனிந்தார். "ஊலே, உள்ளே ஒரு வால்வு சூட்டுப் பக்கமாகவே சிக்கியிருக்கு. எனக்கு முன்பே சந்தேகம். நீங்க அவ்வளவு ஆசையா இருந்தீங்க. சொல்ல ஆனாடே."

என்னிடம் சொல்ல அவருக்குக் கூச்சம், அவரிடம் சொல்ல எனக்குக் கூச்சம். படியில் உட்கார்ந்திருந்த வீட்டுக்காரி எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"எனக்கும் இந்தப் பெட்டி புடிக்கல. புள்ள ஆசையா சொல்லுச்சேன்னு வாயை மூடிக்கிட்டேன். இத்தனை மரியாதைக்காரங்க சேந்து ஒரு ஆளைக் கொல்லப் பாத்தீங்களேப்பா."

மறுநாளே இன்சீனுக்கு ரயிலேறினேன். அந்த எலக்ட்ரிக்காரர் என்னைப் பார்த்துச் சிரிக்கவில்லை, அது போதாதா? "ஜப்பான் எப்படிண்ணே இருந்துச்சு?" என்று மட்டும் கேட்டார். இரண்டு நாளில் தகரத்துக்குப் பெயிண்டு அடித்து, நுரைப்பாய் கட்டி, பேட்டரியை மாட்டினார். நுரைப்பாயின் ஒரு மூலை கோணலாக இருந்தது. "கோணலா இருக்கே" என்று சொன்னேன். அவர் ஒன்றும் நொந்துபோகவில்லை. பிரித்துக் கட்டினார். ஐம்பது வயதுக்கு மேல் இதைக் கண்டுபிடித்திருக்கிறேன்.

அறை ஜப்பான் ஆகிவிடவில்லை. ஆனால் தகரத்துக்கடியில் கையை வைத்தால் எடுக்கத் தோன்றவில்லை. பண்டிகை போனது. அதற்குப் பிறகு வந்த கொடுமையான பத்து நாட்களும் போயின. அவள் விழவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை பகல் இரண்டு மணிக்கு மகள் கூப்பிட்டாள். கரண்டு இல்லை.

"அம்மாவைக் காட்டுங்க."

போனைத் திருப்பிக் காட்டினேன். பேட்டரிக் காத்தாடிக்கு அடியில் அவள் வாயைத் திறந்துகொண்டு தூங்கிக்கொண்டிருந்தாள். நெற்றி காய்ந்திருந்தது. எழுப்பட்டுமா என்று கேட்டேன்.

"வேண்டாம்" என்றாள் மகள். பிறகு இரண்டு பேரும் அவளையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

தாமுவே, மே பதினெட்டு.