‘போயிட்டு வாரேன்’ என்று சொன்னதற்கு

பாளையங்கோட்டையிலிருந்து தனியாகக் கிளம்பி இன்று வியன்னாவில் இறங்கினேன்.

குடியேற்ற அதிகாரி முத்திரை குத்தி பாஸ்போர்ட்டை நீட்டினார். வாய் சும்மா இருக்காமல், “ஐ வில் கோ அண்ட் கம், சார்” என்றேன்.

அவர் பாஸ்போர்ட்டை விடவில்லை. “திரும்ப வருவீர்களா? இந்த விசாவில் ஒருமுறைதானே நுழைய முடியும்?”

தனியறையில் உட்காரவைத்தார்கள்.

“எங்கள் ஊரில் ‘போகிறேன்’ என்று சொல்ல மாட்டோம். சொன்னால் திரும்பவே மாட்டோம் என்று அர்த்தம்” என்று விளக்கினேன்.

அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். திரும்பும் டிக்கெட்டை மறுபடி வாங்கிப் பார்த்துவிட்டு, ஒருவழியாக விட்டார்கள்.

அம்மாவிடம் போனில் சொன்னேன்.

“அவுக கெடக்காக. நீ அங்கன ‘போறேன்’னு மட்டும் சொல்லிராத, மவளே.”

ஊருக்குத் திரும்பும்போதும் இந்த அதிகாரிகளைத் தாண்டித்தான் வர வேண்டும். என்ன சொல்லிக் கிளம்பட்டும்?